ஆடாத முள்

எங்கள் பட்டறை வரிசையில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். வைத்தவன் பக்கத்துக் கடை பஞ்சர்க்காரன். தெருவில் போகிற எல்லாருக்கும் பெயர் வைப்பான், தன் கடைக்கு மட்டும் இன்னும் ஒரு பெயர்ப்பலகை வைக்கவில்லை. அவளைவிட அவனுக்குப் பத்து வயது கூடவே இருக்கும். இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுவான். வாடகைக் கார் ஓட்டுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

பெயருக்குக் காரணம், முதல் முதலாக என் பட்டறைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அவள் சொன்ன வார்த்தை.

"அண்ணே, முள் ஆடுது."

வணக்கம் கிடையாது, வண்டிக்கு என்ன வயது என்கிற பேச்சு கிடையாது. எனக்கும் பொறுமை குறைவு. எந்த முள் என்று கேட்காமல் வண்டிக்குள் தலையை விட்டேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், கம்பெனிக்காரன் வைக்காத ஒரு மீட்டர் தனியாக மாட்டியிருந்தது. எஞ்சினுக்குள் ஆயில் என்ன அழுத்தத்தில் ஓடுகிறது என்று காட்டுகிற மீட்டர். இப்போது வருகிற வண்டிகளில் அதெல்லாம் இல்லை. ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், அதுவும் பாதிக் கதை முடிந்த பிறகுதான் எரியும்.

"இதை யாரு மாட்டினது?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு. கப்பல்ல எஞ்சின் ரூம்ல இருக்காரு. மீட்டர் இல்லாத எஞ்சினை நம்பவே மாட்டாரு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. அவரே எஞ்சினைக் கண்டுபிடித்தவர் என்கிற மாதிரி சொன்னாள்.

முள் நிஜமாகவே ஆடியது. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பூஜ்யத்தில் விழும், சட்டென்று மேலே எகிறும், நடுவில் நின்று நடுங்கும்.  இந்த நேரத்தில் எங்கள் தொழில்காரர்கள் பலரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "எஞ்சினைப் பிரிக்கணும்" என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நல்லவன் என்பதால் அல்ல, எஞ்சினைப் பிரித்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

முதலில் ஆயில் அளவைப் பார்த்தேன். ஆயில் குறைந்திருந்தால் வண்டி திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்பு காற்றை உறிஞ்சும், முள் இறங்கும். அளவு சரியாகவே இருந்தது. பிறகு அழுத்தத்தை வயர் வழியாக மீட்டருக்குச் சொல்கிற சென்சாரை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் என் கை மீட்டரைத் திருகினேன். அதற்கு வயரும் இல்லை, கரண்டும் இல்லை. எஞ்சின் ஆயில் நேராக வந்து முள்ளைத் தள்ளும், அதனால் அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. எஞ்சினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டேன். ஆரம்பத்தில் உயரத்தில் நின்ற முள், சூடு ஏற ஏறக் கொஞ்சம் இறங்கி, ஓரிடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் மரியாதையாக எழுந்தது, விட்டால் மறுபடி உட்கார்ந்தது.

"உன் எஞ்சின் தங்கம்மா. ஒண்ணும் ஆகலை. சென்சார் கசிஞ்சு வயர் முனையெல்லாம் ஆயில். அதான் மீட்டர் வாய்க்கு வந்தபடி உளறுது" என்றேன்.

புது சென்சார் மாட்டி, வயர் முனையைச் சுத்தம் செய்து, வண்டியைத் தெருக்கோடிவரை ஓட்டிக் காட்டினேன். முள் இம்மி அசையவில்லை. இந்த இடத்தில் மனிதர்கள் கடவுளையும் என்னையும் ஒரே மூச்சில் வாழ்த்துவது வழக்கம். அவளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

"இனிமே ஆடவே ஆடாதா அண்ணே?"

"ஆடினா என்னை வந்து கேளு."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவள் மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல செய்தி சொன்னால் அழுகிற ஜனங்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று என் வேலையைப் பார்க்கப் போனேன்.

அவள் வண்டி நிற்கிற இடம் பெரிய ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்ட். அங்கே வரிசை முறை என்று ஒன்று உண்டு. முதலில் நிற்கிற வண்டிக்குத்தான் சவாரி. ஆனால் குழந்தை பெற்றவர்களும் வயிற்றில் தையல் போட்டவர்களும் வரிசையை மதிக்கமாட்டார்கள். "அந்தம்மா வண்டி இல்லையா?" என்று கேட்டு நிற்பார்கள். மேடு பள்ளத்தில் அவள் வண்டியை இறக்குகிற மாதிரி கைக்குழந்தையைத் தொட்டிலில் இறக்கக்கூட எல்லாருக்கும் வராது. பின் சீட்டில் துவைத்த உறை போட்ட தலையணை ஒன்று எப்போதும் இருக்கும். மற்ற டிரைவர்களுக்கு வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் தலையணையில் சாய்ந்துகொண்டு வீடு போனவர்கள்தானே.

பேச்சு மட்டும் கிடையாது. பேசினால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஓட்டுவாள். அவள் கதை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது, அதுவும் வண்டிப் பேச்சின் இடுக்கில்.

கல்யாணமான சில மாதத்திலேயே கப்பல் ஏறிவிட்டவர் அவள் வீட்டுக்காரர். வருவார், இரண்டு மாதம் இருப்பார், போவார். குழந்தை இல்லை. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். ஒரு தடவை லீவில் வந்தபோது இந்த வண்டியைப் பழையதாக வாங்கி, காலி மைதானத்தில் வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கிளம்புகிற அன்றைக்குச் சாவியை அவள் கையில் வைத்து, "சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி இறங்கிடும், ஓட்டிக்கிட்டே இரு" என்று சொன்னாராம். பெண்டாட்டியைவிட்டு ஒருவன் கடலுக்குப் போகும்போது சொல்கிற வசனமா இது? இதை அவள் என்னிடம் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவளோ ஏதோ காதல் வசனத்தைச் சொல்கிற மாதிரி குனிந்துகொண்டு சிரித்தாள்.

லீவில் வந்தாலும் அவருக்கு இருப்பு பானெட்டுக்குக் கீழேதான். அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடிக்க வேண்டும். "இந்தப் பக்கம் காட்டு. இன்னும் கொஞ்சம் கீழே. ஆங், அப்படியே வச்சிரு." அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். அந்த மீட்டரை மாட்டிய அன்றைக்கு வண்டிக்குள் இடமில்லாமல் இரண்டு பேரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்களாம். "வயர் இழுக்கும்போது அவரு தலை என் தோள்ல பட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணே" என்று ஒருநாள் தன்னையறியாமல் வாய் தவறிவிட்ட மாதிரி சொன்னாள். உடனே காது சிவந்து, வைப்பர் ரப்பர் தேய்ந்திருக்கிறதா பாருங்கள் என்றாள். அது புது ரப்பர்.

சென்சார் மாற்றிக் கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தாள். வண்டிக்கு ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்தாளாம்.

"அண்ணே, எஞ்சின்ல பேரிங் தேஞ்சுபோனா முள் எப்படிப் போகும்?"

என்னிடம் இப்படி ஒருவர் கேட்டால் எனக்குப் பசிகூட எடுக்காது. என் பட்டறையில் உதவிக்கு ஆள் நிற்பதில்லை, என் வாயைத் தாங்க முடியாமல் ஓடிவிடுவார்கள். நட்டிடமும் போல்ட்டிடமும் பேசிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு ஜோடிக் காது கிடைத்தது. "வண்டி சூடானப்புறம், சும்மா நிக்கும்போது முள் கீழே போய்ப் படுத்துக்கும். மிதிச்சா எந்திரிக்கும், விட்டா படுக்கும். நாளாக ஆக இன்னும் கீழே படுக்கும்" என்று ஆரம்பித்து, பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடினால் ஆயில் எப்படி நழுவி ஓடிவிடுகிறது என்பதுவரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கேட்டாள்.

அடுத்த வாரம் வேறு சந்தேகம். பம்பு பக்கத்தில் அழுத்தம் கூடினால் திறந்துவிடுகிற வால்வு இருக்கிறதே, அது மாட்டிக்கொண்டால்? அதற்கடுத்த வாரம், ஆயில் தொட்டிக்குள் இருக்கிற சல்லடை அடைத்துக்கொண்டால்? ஒவ்வொன்றுக்கும் முள் என்ன செய்யும், எப்போது செய்யும், சத்தம் வருமா என்று கேட்பாள். போகும்போது உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அவள் வண்டியின் முள்ளை நான் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்ப்பேன். ஆணி அடித்த மாதிரி நின்றது.

"முள்ளக்கா எதிர்த்தாப்புல கடை போடப்போறாங்க. உன் பொழப்புக்கு ஆப்பு" என்று பஞ்சர்க்காரன் சிரித்தான். போடட்டுமே, எனக்குப் பேச்சுத்துணையாவது ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரம். ஏதோ வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. கடன் அட்டை விற்கிறவன் என்று நினைத்து நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அண்ணே, வணக்கம். கப்பல்லேருந்து பேசறேன். உங்ககிட்ட வண்டி விடறாங்களே, ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல... அவங்க வீட்டுக்காரன். நம்பர் அவகிட்ட வாங்கி வச்சிருந்தேன்."

"சொல்லு தம்பி."

"நல்ல நிலையில ஒரு பழைய எஞ்சின் கிடைக்குமா அண்ணே?"

"எந்த வண்டிக்கு?"

"நம்ம வண்டிக்குத்தான். இருக்கறது போயிடுச்சாமே. முதல்ல பேரிங்னா. அப்புறம் வால்வு மாட்டிக்குதுன்னா. அப்புறம் சல்லடை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணொண்ணா சொல்றா. ஓட்டாதேன்னா கேட்க மாட்டேங்கறா. கொஞ்ச நாள் ஓடும்னு நீங்க சொன்னீங்களாமே."

நான் சொன்ன வார்த்தைகள் அத்தனையும் கடலைச் சுற்றிவிட்டு என் காதுக்கே திரும்பி வந்திருந்தன. கடைசியில் சொன்னது மட்டும் நான் சொன்னதில்லை.

"நீ எப்ப தம்பி ஊருக்கு வர்றே?" என்றேன், நேரம் கடத்த.

"அடுத்த மாசம் இறங்கறதா இருந்தேன். எஞ்சின் இப்படின்னதும், காசு வேணுமேன்னு இன்னொரு ஒன்பது மாசம் கப்பல்லயே இருக்கேன்னு காலையில கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். அவளுக்கு அந்த வண்டிதானே எல்லாம்."

உன் எஞ்சின் தங்கமடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம். ஒரு பெண் தன் புருஷனிடம் சொன்னதை நடுவில் புகுந்து நான் பொய்யாக்கினால் அங்கே என்ன வெடிக்குமோ யாருக்குத் தெரியும்? "பார்த்துச் சொல்றேன் தம்பி. இன்னிக்கு உன்னைப் பிடிக்க முடியுமா?" என்று கேட்டேன். சாயங்காலம்வரை துறைமுகத்தில்தான், சரக்கு இறக்கியதும் கிளம்பிவிடுவோம், இந்தத் தடவை நீளமான பயணம், ஞாயிற்றுக்கிழமைகூட சிக்னல் இருக்காது என்றார்.

போனை வைத்த கையோடு அவளைக் கூப்பிட்டேன். சவாரி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நேராகப் பட்டறைக்கு வரச் சொன்னேன். வந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, உன் எஞ்சின்ல பேரிங் போயிடுச்சாமே? வால்வு மாட்டிக்குதாமே? எனக்குத் தெரியாம எப்ப போச்சு? கொஞ்ச நாள் ஓடும்னு நான் எப்ப சொன்னேன்?"

 "அவரு பேசினாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேசினாரு. உனக்குப் புது எஞ்சின் போடறதுக்காக இன்னும் ஒன்பது மாசம் இருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டாராம்."

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அடுத்த மாசம் வர்றேன்னாரே" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "அடுத்த மாசம் வர்றேன்னாரேண்ணே." என் கோபமெல்லாம் அத்தோடு போய்விட்டது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

கப்பலில் அவருக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வீட்டுக்குப் போன் வரும். கூடத்து மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட வேண்டும், ஏனென்றால் மாமியாருக்குக் காது மந்தம். மாமியார் கெட்டவர் இல்லை. மகன் குரலில் ஒரு சொட்டுகூடச் சிந்தவிட மனசில்லாதவர், அவ்வளவுதான். முழங்கால் வலியில் தொடங்கி, மாடிவீட்டுக்காரி குப்பை கொட்டுகிற அழகுவரை ஒப்பிப்பார். இவள் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் அவர், "அவ இருக்காளா?" என்பார். "இருக்கேங்க" என்பாள். "சரி" என்பார். போன் வைத்தாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைவரை அந்தச் "சரி"யை வைத்துக்கொண்டுதான் அவள் வண்டி ஓட்ட வேண்டும்.

ஒரு ஞாயிறு, வைக்கப்போகிற நேரத்தில், "வண்டியில முள் ஆடுதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் குரலே நிமிர்ந்துவிட்டது. எப்போது ஆடுகிறது, சூட்டிலா குளிரிலா, திரும்பும்போதா நேராகப் போகும்போதா, விளக்கு எரிகிறதா என்று கேள்விமேல் கேள்வி. மாமியாருக்கு எஞ்சின் பேச்சு என்றால் கொட்டாவி வந்துவிடும். "உங்க வண்டிப் புராணத்தை நீங்களே பேசிக்குங்க" என்று எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். கூடத்தில் இவளும் அந்தக் குரலும் மட்டும் இருந்தார்கள்.

"அவரு மெதுவாப் பேசினாருண்ணே. வண்டியைப் பத்தித்தான் பேசினாரு. ஆனா எனக்கு மட்டும் பேசினாரு."

முதல் நாள் அவள் முகம் ஏன் தொங்கியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கல்யாண வாழ்க்கையில் வாரத்துக்கு ஒருமுறை நடந்துகொண்டிருந்ததை நான் ஒரு சென்சார் போட்டு நிறுத்திவைத்திருக்கிறேன். முள் சரியாகிவிட்டது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இன்னும் ஆடுகிறது என்றாள். எப்படி ஆடுகிறது என்று அவர் விடாமல் கேட்டார். அதற்குத்தான் என்னிடம் வந்து வாரம் ஒரு வியாதியாக வாங்கிப் போயிருக்கிறாள்.

"ஏம்மா, கையில போன் இருக்கு. வண்டி இருக்கு. கதவை மூடிக்கிட்டு நீயா கூப்பிட்டு நாலு வார்த்தை பேசினா யாரு கேட்கப்போறா?"

"என்ன விஷயம்னு கேட்பாரேண்ணே. விஷயம் ஒண்ணும் இல்லைன்னா என்ன சொல்றது?"

 நானும் கட்டியவளுக்குப் போன் செய்தால் அவள் முதலில் கேட்பது அதைத்தான்.

"இப்ப விஷயம் இருக்கில்ல? சாயங்காலம் கப்பல் கிளம்புது. கூப்பிடு" என்றேன்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டாள். கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டாள். அதுமட்டுமில்லை, வீட்டுப் பழக்கம், கை தன்னால் போய் ஸ்பீக்கரைப் போட்டது. நான் நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. பக்கத்து வண்டியின் சக்கரத்தில் இல்லாத நட்டைத் தேடிக்கொண்டு நின்றேன்.

"என்ன விஷயம்?" என்றது போன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "முள் ஆடலைங்க."

"என்னது?"

"மழைக்கு முன்னாடியே சரியாயிடுச்சு. வெறும் சென்சார். எஞ்சினுக்கு ஒண்ணும் இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு மோதுகிற சத்தமும் யாரோ கத்துகிற சத்தமும் மட்டும் கேட்டன. கத்தப்போகிறார் என்று நினைத்தேன், நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"பேரிங்?"

"நல்லா இருக்குங்க."

"வால்வு?"

"அதுவும் நல்லா இருக்கு."

"போன வாரம், வண்டி சூடானா முள் ஏறுதுன்னியே?"

"அது நானா சொன்னதுங்க. அந்த வாரம் அண்ணன் கடை பூட்டியிருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கும் அது உதைச்சுது. சூட்டுல ஆயில் நீர்த்துப்போய் முள் இறங்கத்தானே செய்யும், இது எப்படி ஏறும்னு நாலு நாளா யோசிச்சேன்" என்றார். பிறகு, "எதுக்குப் பொய் சொன்ன?" என்றார்.

"முள் ஆடுதுன்னு சொன்னாத்தான் அத்தை எந்திரிச்சு உள்ள போவாங்க."

  மறுபடி பேசியபோது அவர் குரல் வேறாக இருந்தது, மெதுவாக இருந்தது.

"எஞ்சினைப் பத்தி இத்தனை மாசமா எவ்வளவு சொல்லியிருக்க. நான் வரணும்னு ஒருதடவைகூடச் சொல்லலையே. அடுத்த மாசம் வர்றேன்னு சொன்னப்பக்கூட, சரிங்கன்னு மட்டும்தான் சொன்ன. அவ ஸ்டாண்டு, அவ சவாரி, நான் இல்லாமப் பழகிட்டா போலன்னு நினைச்சேன். நான் வந்து ரெண்டு மாசம் உட்கார்ந்துட்டுப் போறதுக்குப் பதிலா ஒரு எஞ்சினாவது உனக்கு உபயோகமா இருக்கட்டும்னுதான் எழுதிக் குடுத்தேன்."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு உள்ளேயிருந்து, "வாங்க" என்றாள். கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"வாங்க. எனக்கு எஞ்சின் வேண்டாம். நீங்க வாங்க. என் வண்டியில ஏர்றவங்க எல்லாரும் யாரையாவது கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க, பொழைச்சு வந்த புருஷனைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு நான் காலி வண்டியை ஓட்டிக்கிட்டு வர்றேன். தினமும் அப்படித்தான் வர்றேன். எனக்கு முடியலைங்க."

அதற்குமேல் அங்கே நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. பஞ்சர்க்காரன் கடைக்குப் போய், காற்று அடிக்கிற மெஷினை என் வாசலில் ஏன் வைத்தாய் என்று ஒரு சண்டை போட்டேன். நான் திரும்பி வந்தபோது அவள் வண்டி போயிருந்தது.

எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். பிறகு கப்பல் கடலுக்குப் போய்விட்டது, சிக்னல் இல்லை. அந்த நாட்களில் அவள் அடிக்கடி பட்டறைக்கு வந்தாள். சந்தேகம் எதுவும் கேட்கமாட்டாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், போய்விடுவாள். எனக்கும் வேலை ஓடவில்லை. அவருக்கு மாற்றாக வரவேண்டியவன் வந்துவிட்டானா, கம்பெனிக்காரன் மனசு இளகுவானா என்று, முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக நான் மண்டை காய்ந்துகொண்டிருந்தேன். வெண்கலக் குரலில் எந்த ஆம்பளையாவது "அண்ணே" என்றால்கூட அவள்தானோ என்று நிமிர்ந்தேன்.

ஒருநாள் மத்தியானம் வந்தாள். வண்டியைவிட்டு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"முடியாதுன்னுட்டாங்களாம்ணே. மாத்தறதுக்கு வர இருந்தவரை வேற கப்பலுக்கு அனுப்பிட்டாங்களாம். ஒன்பது மாசம்தான்."

கம்பெனிக்காரனை, கப்பலை, கடலை, எல்லாவற்றையும் திட்டினேன். ஒரு காகிதம், அதைக் கிழித்துப் போட இவன்களுக்கு என்ன கேடு என்றேன். அவள் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எனக்குத்தான் போன் பண்ணினாருண்ணே. வீட்டுக்கு இல்லை. ஸ்டாண்டுல நிக்கறப்ப என் போனுக்கு வந்துச்சு. என்ன விஷயம்னு நான்தான் கேட்டேன், பழக்கம். முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னாரு. சொல்லிட்டு..." ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் தேய்த்தாள். "அழுதாருண்ணே. பின்னாடி அவ்வளவு சத்தம், அதுலயும் கேட்டுச்சு. என்னால இருக்க முடியலைடின்னாரு. என்னை அவரு டி போட்டுக் கூப்பிட்டதே இல்லை."

நான் கையைத் துணியில் துடைத்தேன். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"அவரு அழறதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. புருஷன் அழுதா சந்தோஷப்படற பொம்பளை எங்கேயாவது உண்டா?" என்றாள். சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து கொட்டியது. துடைக்கவில்லை.

 ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "ஒன்பது மாசம்தானேம்மா. இத்தனை வருஷம் இருந்துட்ட, இதுவும் ஓடிப்போயிடும்" என்றேன்.

"இல்லைண்ணே" என்றாள். "இத்தனை வருஷம் அவரும் ஏங்கறாருன்னு எனக்குத் தெரியாது. இனிமேதான் கஷ்டம்."